பரணில் கிடந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

எனக்குத் தொழில் மெய்ப்புத் திருத்துவது. ஒற்று விட்டுப்போன இடம், ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் கால் விழுந்த இடம், மூன்று சுழி இரண்டாகிப்போன இடம் என்று நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் பேன் பார்ப்பவன். ‘தேடிச் சென்றான்’ என்பதில் அந்த ‘ச்’ காணாமல் போனால் படிக்கிறவர் கவனிக்காமல் தாண்டிவிடலாம். பதிப்பாசிரியர் தாண்டமாட்டார். அதனால் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, திரையில் புள்ளி தெரிகிறதா என்பதுதான். வேகமெல்லாம் அப்புறம். இந்த விமர்சனத்தையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். கேம் ஆடுகிறவர்கள், வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

2024 கார்த்திகையில் ஒரு ராத்திரி இடி இறங்கியதில் என் மேசைக் கம்ப்யூட்டர் போயே போய்விட்டது. கையில் இரண்டு புத்தகங்கள் பாதியில் நின்றன. பதிப்பகங்கள் காகிதத்தில் மெய்ப்பு அனுப்புவதை விட்டு வருஷக்கணக்காகிறது, எல்லாம் பிடிஎஃப். புது லேப்டாப் விலை கேட்டேன், கேட்டதோடு சரி. அப்போதுதான் பரண் நினைவுக்கு வந்தது.

பரணில் கொலுப்பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது அக்கா மகளின் லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், 2013-இல் பிளஸ் டூ படித்தபோது அவளுக்குக் கிடைத்தது. மூடியில் கோபுரச் சின்னம். உள்ளே இரட்டைக் கோர் பென்டியம், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குலத் திரை. கல்லூரி முடிகிற வரை அவள் அதில்தான் எல்லாம் செய்தாள். வேலை கிடைத்து ஓசூர் போனபோது புதிது வாங்கிக்கொண்டாள். நான் போன் செய்து கேட்டதும் சிரித்தாள். “மாமா, அதை இன்னுமா வச்சிருக்கீங்க? தாராளமா எடுத்துக்கோங்க. பாஸ்வேர்டு கேட்டா என் பேரு, அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு.”

சார்ஜரைச் செருகி பொத்தானை அழுத்தினேன். எந்த சிஸ்டத்தில் நுழையப் போகிறாய் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. இன்னொன்று பாஸ் லினக்ஸ். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச சிஸ்டம், அதில் பல வகை உண்டு. டெபியன் என்ற வகையை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் செய்தது இது. ஆக, லினக்ஸ் எங்கள் வீட்டுக்குள் வந்து பன்னிரண்டு வருஷமாகியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையும் தொட்டுப் பார்க்கவில்லை, நானும் தொட்டுப் பார்க்கவில்லை. விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது. அதில் மின்னஞ்சலைத் திறக்கவே பயமாக இருந்தது.

திறந்தும் பார்த்தேன். எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று உலாவி கதவைச் சாத்தியது. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்: 2012 ஜனவரி 1. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு செல் இருக்கும், கரண்ட் இல்லாதபோதும் நேரத்தைக் காப்பாற்றி வைப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லுபடியாகாது என்று உலாவி நினைத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்பைத் தூசி தட்டுகிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். எனக்கு நாற்பது ரூபாயில் முடிந்தது.

பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “எடைக்குப் போட்டுடுங்க சார், முந்நூறு ரூபா தேறும்.”

எதிர்வீட்டுத் தம்பி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன்தான் “லைட்வெயிட் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் அங்கிள்” என்றான். ஒரு பென்டிரைவில் வென்டாய் என்ற கருவியைப் போட்டுக்கொடுத்தான். இது மிக நல்ல சமாச்சாரம். ஒருமுறை பென்டிரைவைத் தயார் செய்துவிட்டால் போதும், அதன் பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களை, அதாவது ஒரு சிஸ்டம் முழுவதையும் அடக்கிய ஃபைல்களை, அப்படியே காப்பி செய்து போடலாம். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். லேப்டாப்பை அதிலிருந்து கிளப்பினால் எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். எதையும் நிறுவாமலே ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கலாம்.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். விண்டோஸ் ‘32-பிட்’ என்று காட்டியதால் மெஷினே 32-பிட் என்ற பழைய வகை என்று நம்பி, 32-பிட் ஐஎஸ்ஓவாகத் தேடிக்கொண்டிருந்தேன். பலரும் பயன்படுத்தும் உபுண்டு என்ற லினக்ஸ் குடும்பம் 32-பிட்டைக் கைவிட்டுப் பல வருஷமாகிறது, அதனால் எனக்குக் கிடைத்த பட்டியல் மிகவும் குறுகிப்போனது. தம்பி வந்து பார்த்துச் சிரித்தான். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32-பிட்டில் மட்டும்தான் வந்ததாம், பிராசஸர் புதிய வகையான 64-பிட் தான். இந்தத் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் பலர் இதே இடத்தில் வழுக்கக்கூடும்.

மூன்று லினக்ஸ்களை ஓட்டிப் பார்த்தேன்: ஆன்டிஎக்ஸ், லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. எக்ஸ்எஃப்சிஇ என்பது மெனு, பட்டை, ஜன்னல் என்று நாம் திரையில் பார்க்கும் டெஸ்க்டாப்பின் பெயர். அப்போது ராம் இன்னும் 2 ஜிபிதான், ஹார்ட் டிஸ்க்கும் பழையதுதான். ஒவ்வொன்றையும் பழைய டிஸ்க்கின் ஒரு பகுதியில் நிறுவி இரண்டு மூன்று நாள் வேலை பார்த்தேன்.

ஆன்டிஎக்ஸ் பரம சிக்கனம். சும்மா நிற்கும்போது 230 எம்பிக்குப் பக்கத்தில்தான் ராம் பிடித்தது. ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளரை வைத்தே காலத்தை ஓட்டுகிறது. ஆனால் என் மாதிரி ஆளுக்கு அதன் மெனுக்கள் பழைய மளிகைக் கடை மாதிரி இருந்தன. எல்லாம் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். லுபுண்டு பார்க்க லட்சணமாக இருந்தது, 550 எம்பி அளவில் நின்றது. அதில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற பொட்டலமாக வருகிறது. சுருக்கி வைத்த பொட்டலத்தைப் பிரித்துத் திறப்பதால், என் கிழட்டு ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்க ஒரு காபி குடிக்கிற நேரம் பிடித்தது. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 750 எம்பி எடுத்தது. மூன்றில் இதுதான் கனம்.

கணக்குப்படி பார்த்தால் நான் ஆன்டிஎக்ஸைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஆனால் வேலை செய்ய உட்கார்ந்தபோது கணக்கு வேறு மாதிரி இருந்தது. மின்னஞ்சல் ஒரு டேப், அகராதித் தளம் ஒரு டேப், பதிப்பகத்தின் பகிர்வு ஃபோல்டர் ஒரு டேப். இந்த மூன்றையும் திறந்ததும் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 1.3 ஜிபியைத் தொட்டது. ஆன்டிஎக்ஸானாலும் சரி, மின்ட்டானாலும் சரி, அந்த 1.3 ஜிபி அப்படியேதான் இருந்தது. டெஸ்க்டாப்பில் நான் கஞ்சத்தனம் பண்ணி மிச்சம் பிடித்த 500 எம்பியை உலாவி ஒரே வாயில் விழுங்கிவிட்டது. வீட்டில் ஏலக்காயை எண்ணிப் போட்டுவிட்டு மாசக் கடைசியில் சிலிண்டருக்குத் திணறுகிற கதைதான்.

‘எது ரொம்ப லைட்’ என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இப்போது நான் சொல்வது இதைத்தான். இன்றைக்கு எடை டெஸ்க்டாப்பில் இல்லை, உலாவியிலும் சுற்றும் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது. 2 ஜிபியை ஒரு காசு செலவில்லாமல் ஓட்டியே ஆக வேண்டும் என்ற நிலைமை இருந்தால் ஆன்டிஎக்ஸ் சரி. கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால், எதைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்குப் பழகுமோ அந்த டெஸ்க்டாப்பைப் பிடியுங்கள். எனக்கு அது எக்ஸ்எஃப்சிஇ. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, அதில் தேடும் கட்டம். முதல் நாளே எதையும் தேடி அலையவில்லை.

செலவு செய்வதற்கு முன் இலவசமான ஒன்றையும் செய்து பார்த்தேன், இசட்-ராம். ராமில் உடனே தேவைப்படாததை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளாமல், ராமுக்குள்ளேயே சுருக்கி ஓரமாக வைப்பது இதன் வேலை. பகலில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துகிற மாதிரி, அதே அறையில் இன்னும் நாலு பேர் உட்காரலாம். ஒரு சிறிய தொகுப்பை நிறுவினால் போதும். நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது. முன்பு டேப் மாற்றினால் மவுஸ் உறைந்து நின்ற இடத்தில் இப்போது லேசாகத் தயங்கியது, அவ்வளவுதான். ஆனாலும் நானூறு பக்க பிடிஎஃப்பைத் திறந்ததும் பழையபடி ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்க ஆரம்பித்துவிட்டது.

சரி என்று செலவுக்கு இறங்கினேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுற்றும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி, 240 ஜிபி, 1,650 ரூபாய். பழைய சாமான் கடையில் 4 ஜிபி டிடிஆர்3 ராம் 500 ரூபாய், ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து 6 ஜிபி. லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, நானே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். அடிப்பக்க மூடியில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றினால் ஹார்ட் டிஸ்க்கும் ராமும் கண்முன்னே இருக்கின்றன. இப்போது வருகிற மெலிந்த லேப்டாப்களில் இந்தச் சௌகரியத்தைப் பார்ப்பது அரிது. ராமைச் சாய்வாகச் செருகி அமுக்கினால் ‘டக்’கென்று உட்காருகிறது. எஸ்எஸ்டியில்தான் ஒரு சின்ன இடைஞ்சல். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் அது ஆடியது. மேஜையில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையை வெட்டி மூன்று மடிப்பாகக் கீழே வைத்தேன். ஜரிகை போட்ட கெட்டி அட்டை. ஒரு வருஷமாக அசையவில்லை. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை 250 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி உறை வாங்கி அதில் போட்டு வைத்திருக்கிறேன், அதில் அக்கா மகளின் கல்லூரிப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

2025 தை மாதம் மின்ட் 22.1 எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை முறைப்படி நிறுவினேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. இந்த வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, என் கணக்கில் அதற்குள் லேப்டாப்பின் கீல் முந்திக்கொள்ளும். பழைய டிஸ்க்கில் பொத்தானை அழுத்தி இரண்டு நிமிடம் காத்திருந்த இடத்தில் இப்போது 25 நொடி.

நிறுவியதும் வைஃபை வரவில்லை. உள்ளே இருந்த வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், அதைச் செய்தவர்கள் மூடி வைத்திருப்பது, தனியாகத்தான் போட வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்ட கதை. போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங் வசதியைப் போட்டால், லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. அதன் வழியே மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்து ஒரு தட்டு தட்டினேன், வைஃபை வந்தது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மத்தியானம் மிச்சமாகியிருக்கும்.

இனி புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் பரீட்சை.

திரை 1366-க்கு 768. மின்ட் முதலில் காட்டிய தமிழ் எழுத்து நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொண்டது. ‘ன்’ வந்தால் ‘ன’வின் மேல் ஒரு தடிப்பு மாதிரி தெரிந்ததே தவிரப் புள்ளியாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் படித்ததும் கண் எரிந்தது. எக்ஸ்எஃப்சிஇயின் தோற்ற அமைப்புகளில் எழுத்துருவுக்கென ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஹின்டிங் என்றொரு தேர்வு. எழுத்தின் கோடுகளைத் திரையின் கட்டங்களுக்கு ஏற்ப எவ்வளவு இழுத்து நேராக்கலாம் என்பதை அது முடிவு செய்கிறது. முழு அளவில் வைத்தால் ஆங்கில எழுத்து கூராகிறது, தமிழில் சுழிகள் நசுங்குகின்றன. ‘லேசாக’ என்பதில் வைத்தேன். கீழே எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் டிபிஐ என்ற எண்ணை 96-இலிருந்து 108 ஆக்கினேன். எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழிலிருந்து மீரா இனிமைக்கு மாற்றிப் பார்த்தேன், மறுபடி நோட்டோவுக்கே வந்தேன். இந்த மூன்று திருகலில் புள்ளி தலையை விட்டு விலகி, தனியாக, வட்டமாக நின்றது. ‘ணன’ குழப்பம்கூடப் படிக்கிற தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. எரிந்துபோன மேசைக் கம்ப்யூட்டரில் இவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை. அங்கே திருகிப் பார்க்கத் தோன்றவில்லை என்பதும் உண்மை.

தட்டச்சு நான் தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருவான விசைப்பலகை அமைப்பு அது, விரல் பழகிவிட்டால் வேறெதுவும் பிடிக்காது. அதன் அழகே தானாகப் புள்ளி விழுவதுதான். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். நடுவில் புள்ளியை நாம் வைக்க வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்று பார்த்ததும் ஆசையாகச் சேர்த்தேன். எழுத்துகள் சரியான விசையில் வந்தன, தானாக விழ வேண்டிய புள்ளி விழவில்லை. அரை நாள் நான் ஏதோ தப்பு செய்கிறேன் என்றே நினைத்தேன். விஷயம் இதுதான்: அந்த அமைப்பு ‘இந்த விசைக்கு இந்த எழுத்து’ என்று மட்டும் அறியும், முன்னால் என்ன தட்டினோம் என்பது அதற்குத் தெரியாது. முன்னால் வந்ததைப் பார்த்துப் புள்ளி வைக்க ஓர் உள்ளீட்டு முறை வேண்டும். ஐபஸ் என்பதை நிறுவி, அதனோடு பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவி, வெளியேறி மறுபடி நுழைந்தால், தமிழ்99 முழு லட்சணத்தோடு வருகிறது. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கும் அதிலேயே இருக்கிறது. மெனுக்களையும் தமிழில் வைத்துப் பார்த்தேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று வந்ததால் பழையபடி ஆங்கிலத்துக்கே மாற்றிவிட்டேன்.

வேலைக் கருவிகளில் என்னைக் காப்பாற்றியது பிடிஎஃப் படிக்க உதவும் ஓக்யுலர். மெய்ப்புக் குறிப்புகளை பிடிஎஃப்புக்குள்ளேயே கருத்துகளாகச் சேமித்துத் தருகிறது, அந்தப் பக்கம் வடிவமைப்பாளர் எந்த மென்பொருளில் திறந்தாலும் அவை தெரிகின்றன. முதலில் எக்ஸ்ஜர்னல் பிளஸ்பிளஸ் பயன்படுத்தினேன். பேனா பிடித்து எழுதுகிற மாதிரி கோடு போடலாம், கைக்கு ரொம்ப இதமானது. ஆனால் குறிப்புகள் படம் போலப் பக்கத்தோடு ஒட்டிப்போகின்றன. “சார், க்ளிக் பண்ற மாதிரி கமென்ட்டா வேணும்” என்று பதிப்பகத்தில் இருந்து கேட்டார்கள். ஓக்யுலர் கேடிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப் குடும்பத்தைச் சேர்ந்தது, நிறுவும்போது துணைத் தொகுப்புகள் என்று சொந்தக்காரர்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வரும். எஸ்எஸ்டியில் இடம் இருந்ததால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

தூனார் என்ற ஃபைல் மேலாளரில் கூட்டமாகப் பெயர் மாற்றும் வசதி இருக்கிறது. பதிப்பகத்திலிருந்து ‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘இதுதான் பைனல்’ என்று வந்து குவியும் நாற்பது ஃபைல்களை ஒரே தட்டில் அத்தியாய எண் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இன்னும் வருகின்றன. அந்த எழுத்துருவை இரட்டைத் தட்டில் நிறுவிவிட்டால் லிப்ரே ஆபீஸில் சரியாகத் தெரிகின்றன. பக்கம் கட்டப் பயன்படுத்திய பழைய பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் இதில் திறந்து வேலை பார்க்க நினைக்காதீர்கள். அச்சகத்தில் உட்கார்ந்து பக்கம் கட்டுகிறவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது.

எக்ஸ்எஃப்சிஇயில் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்க முயன்றால், ஓரம் நூலிழை அளவுதான், பிடி கிடைக்காது. என் வயதுக்கு ஊசியில் நூல் கோர்ப்பதும் இதுவும் ஒன்று. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலுக்குள் எங்கே வேண்டுமானாலும் வலது பொத்தானால் இழுத்தால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் கை ஆல்ட்டைத்தான் தேடுகிறது.

யூட்யூப் முதலில் சண்டித்தனம் செய்தது. ஹெச்.264 வகை வீடியோ என்றால் இந்தப் பழைய சிப் லேசாகச் சமாளிக்கிறது. யூட்யூப் பெரும்பாலும் அனுப்புவது விபி9, அதைப் பிரிக்கும் வசதி சிப்பிலேயே இல்லாததால் முழுப் பாரமும் பிராசஸர் தலையில் விழுந்து விசிறி அலறும். உலாவியில் ஹெச்264இஃபை என்ற சின்ன நீட்சியைப் போட்டால் பழைய வகையையே கேட்டு வாங்கிக்கொள்கிறது. 720பி வரை கச்சேரி கேட்கலாம், பார்க்கலாம். வீடியோ மீட்டிங் வேண்டாம். ஒருமுறை எட்டுப் பேர் கூட்டத்தில் கலந்துகொண்டேன், என் முகம் நகர்வதற்குள் விவாதம் முடிந்திருந்தது. அதற்குப் போனே மேல்.

பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்குகிறது. மாற்றவில்லை. கரண்ட் போனால் சேமித்துவிட்டு எழுந்துபோக அது போதும்.

2025 செப்டம்பரில் மின்ட் 22.2 வந்தபோது அப்டேட் மேலாளர் வழியாகவே மேம்படுத்தினேன். அதற்கு முன், ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப, டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன், தேவைப்படவில்லை. ஒரு வருஷத்தில் சிஸ்டம் முழுக்க உறைந்து நின்றது இரண்டு முறை. இரண்டு முறையும் நான் இருபது டேப் திறந்து வைத்திருந்தேன்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தபிறகு, தெரிந்தவர்கள் நாலு பேர் என்னிடம் இதைப் பற்றி விசாரித்தார்கள். அவர்களுடைய மெஷின்கள் என்னுடையதைவிட நாலைந்து வருஷம் இளையவை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, எட்டாம் தலைமுறை பிராசஸர் எல்லாம் அவற்றில் இல்லை. அவர்களிடம் முதலில் ராம் எவ்வளவு என்று கேட்பேன், அடுத்து எஸ்எஸ்டியா என்று கேட்பேன். 4 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடலாம். மின்ட்டே 2 ஜிபி குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் சௌகரியம் என்றுதான் சொல்கிறது. வருமான வரி, கணக்கு வழக்கு என்று விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பிப் பிழைப்பவராக இருந்தால், அவசரப்படாதீர்கள் என்பேன். பென்டிரைவில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும்.

எனக்கு மொத்தச் செலவு, மதர்போர்டு செல், யூஎஸ்பி உறை எல்லாம் சேர்த்து 2,440 ரூபாய். கல்யாணப் பத்திரிகை கணக்கில் வராது. இதுவரை பதினோரு புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தாயிற்று. பொங்கலுக்கு வந்த அக்கா மகள் மூடியைத் திறந்து, திரையைப் பார்த்துவிட்டு, “என் லேப்டாப்பா இது? எப்படி மாமா இவ்வளவு சீக்கிரம் திறக்குது?” என்றாள். அப்புறம் கீபோர்டைப் பார்த்து, “எஃப் எங்க போச்சு?” என்றாள். தமிழ்99-இல் எஃப் விசைதான் புள்ளி. என் தொழிலில் அதிகம் தேய்வது அதுவாகத்தான் இருக்கும். முதலில் மேலே இருந்த எழுத்து அழிந்தது, போன மாதம் மூடியே கழன்று விழுந்துவிட்டது. இப்போது அடியில் இருக்கும் ரப்பர் குமிழை நேரடியாக அழுத்துகிறேன். சென்னை ரிச்சி தெருவில் இந்த மாடலுக்குக் கீபோர்டு 700 ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். அடுத்த முறை போகும்போது வாங்க வேண்டும்.